குறை யாருடையது?
ஆண்களின் கடும் விந்தணுக் குறைவும் இன்றைய மருத்துவம் தரும் பலன்களும்

மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துச் சென்றவர் திருவள்ளுவர். மழலைச் சொல் கேளாத வீடு நிறைவற்ற வீடு என்று எண்ணுவது நம் சமுதாயத்தில் வழிவழியாக வந்த வழக்கம். மணமாகி ஓராண்டு கழிந்ததும் “ஏதேனும் விசேஷம் உண்டா?” என்று கேட்பவர்கள் லயத்து வீடுகளிலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு. ஈராண்டு, மூவாண்டு கழிந்த பின்னர் அக்கேள்வியின் தொனி மாறுகிறது. அதன் சுமை முழுவதும் ஒருவர் தலைமீதே இறங்குகிறது. அந்த ஒருவர் எப்பொழுதும் பெண்ணாகவே இருக்கக் காண்கிறோம்.

தஞ்சோங் மாலிமுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் உடல்நலம் பற்றி நாம் உரையாற்றி முடித்த ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வருகிறது. கூட்டம் கலைந்த பின்னர், பால்வெட்டுத் தொழில் செய்யும் ஓர் அம்மையார் நம்மை அணுகினார். மணமாகி ஏழாண்டுகள் ஆயினவாம். “ஐயா, நான் மூன்று தடவை டாக்டரிடம் சோதனைக்குப் போய்விட்டேன். எனக்கு ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அவர் ஒரே ஒரு தடவை போனால் போதும் என்று நீங்கள் மேடையில் சொல்லக்கூடாதா?” என்று கேட்டார்.

மேடையில் சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறோம். அன்பர்கள், குறிப்பாக ஆடவர்கள், பொறுமையுடன் இறுதிவரை படிக்க வேண்டுகிறோம்.

பாதிப் பங்கு ஆண்களுடையது

குழந்தைப்பேறின்மை அரிதான நோயன்று. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்துன்பத்தை அனுபவிக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. குழந்தைப்பேறற்ற தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம், ஆணிடமுள்ள குறை முழுக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைந்திருக்கிறது. எனவே மனைவியை மட்டும் மூன்று தடவை சோதித்துவிட்டுக் கணவரை ஒரு தடவையும் சோதியாமல் இருப்பது, கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஆண்மை வேறு, விந்தணு வளம் வேறு. இல்லறத்தில் எக்குறையும் இல்லாதவர், உடல்கட்டு மிக்கவர், நாளொன்றுக்கு அறுநூறு மரம் வெட்டுபவர், இவர்களில் எவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். அறவே இல்லாமலும் இருக்கலாம். வெளித்தோற்றத்தைக் கொண்டு இதனை அறிய இயலாது. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி மருத்துவரும் சொல்ல இயலாது.

சோதனை என்ன சொல்லும்?

ஆணுக்குரிய முதற் சோதனை மிக எளியது. ஊசியில்லை, வலியில்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள்வரை உறவைத் தவிர்த்து, விந்துநீரைத் தூய்மையான புட்டியில் எடுத்து, ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தல் வேண்டும். ஒருமுறை குறை காணப்பட்டால் சில வாரங்கள் கழித்து மறுமுறையும் சோதிப்பார்கள். காய்ச்சல் வந்தாலும் விந்தணு சில காலம் குறையும் என்பதே அதற்குக் காரணம். ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. ஆதலால் இன்று காணும் முடிவு, மூன்று மாதங்களுக்கு முன்னிருந்த உடல்நிலையைக் காட்டுவதாகும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டர் விந்துநீரில் 1 கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் இருத்தல் இயல்பின் கீழ் எல்லையாகும். அவற்றில் 42 விழுக்காடு அசைதல் வேண்டும். 30 விழுக்காடு முன்னோக்கி நீந்துதல் வேண்டும். இதற்குச் சற்றுக் குறைந்தாலும் இயற்கையாகவே தந்தையானவர்கள் பலர். ஆனால் எண்ணிக்கை 50 இலட்சத்திற்கும் கீழே இறங்கினால் அதனைக் கடும் குறைவு என்கின்றனர். ஒரு விந்தணுவேனும் காணப்படாத நிலையும் உண்டு. ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் இந்நிலையில் இருக்கிறார். குழந்தைப்பேறு இல்லையென்று மருத்துவரை நாடும் ஆண்களிலோ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர்.

அடைபட்ட மரமும் வற்றிய மரமும்

விந்தணு அறவே காணப்படாத நிலையில் இரு வகை உண்டு. பால்மரத்தோடு பழகிய நம் வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது.

மரத்தில் பால் நிறைந்திருக்கிறது. ஆனால் மங்கிற்கு வரும் வழி அடைபட்டிருக்கிறது. இது முதல் வகை. விரையில் விந்தணு நன்றாக உருவாகிறது. வெளிவரும் குழாய் மட்டும் அடைபட்டிருக்கிறது. பால்வினை நோய்த் தொற்று, பழைய அறுவை, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை ஆகியவற்றால் இவ்வடைப்பு நேரலாம். சிலருக்குப் பிறவியிலேயே அக்குழாய் அமையாதிருப்பதும் உண்டு.

மரமே பால் வற்றிப்போயிருப்பது இரண்டாம் வகை. விரையில் உற்பத்தியே குன்றியிருக்கிறது. சிறுவயதில் விரை கீழிறங்காமல் வயிற்றிலேயே தங்கியிருந்தது, பருவ வயதிற்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி நோய் விரையைத் தாக்கியது, புற்றுநோய்க்குச் செய்த மருந்து மற்றும் கதிர்வீச்சுச் சிகிச்சை எனக் காரணங்கள் பல. மரபணுவிலும் காரணம் இருக்கலாம். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 600க்கு ஒருவர் கூடுதலாக ஓர் ‘எக்ஸ்’ நிறமூர்த்தத்துடன் பிறக்கிறார். இதனைக் கிளைன்ஃபெல்ட்டர் நிலை என்பர். வேறு சிலருக்கு ஆண்மைக்குரிய ‘ஒய்’ நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமற் போயிருக்கும். எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் புலப்படாதவர்களும் பலர்.

இவற்றில் எதுவும் அவர் செய்த பாவத்தின் பயனன்று. அவர் மனைவி செய்த பாவத்தின் பயனுமன்று.

முதலில் தீர்க்கக்கூடியவை

சோதனைக் குழாய் என்றவுடன் அங்கே ஓடவேண்டியதில்லை. மருந்தாலேயே தீரும் சில குறைகள் உண்டு. மூளையின் அடியிலுள்ள சுரப்பி விரைக்கு அனுப்பவேண்டிய கட்டளையை அனுப்பாததால் விந்தணு இல்லாமற் போனவர்களுக்கு, அந்தச் சுரப்புநீரை ஊசிவழிச் செலுத்தினால், சில மாதங்களில் விந்தணு தோன்றுவதுண்டு. விரைப்பையில் இரத்தக் குழாய் புடைத்திருப்பவர்களுக்கு அறுவை செய்து, விந்தணு பெருகக் காண்பதுண்டு. குழாய் அடைப்பைச் சிலருக்கு நீக்கிச் சேர்த்துவிட முடியும்.

ஓர் எச்சரிக்கை. “ஆண்மை பெருகும்”, “கட்டுமஸ்தான உடல் கிட்டும்” என்று விற்கப்படும் ஊசிகளிலும் மாத்திரைகளிலும் சிலவற்றில் ஆண் சுரப்புநீர் கலந்திருக்கிறது. வெளியிலிருந்து இச்சுரப்புநீர் உடலில் ஏறினால், மூளை, “போதிய அளவு இருக்கிறது” என்று எண்ணி, விரையின் உற்பத்தியை நிறுத்திவிடும். குழந்தை வேண்டுமென்று உட்கொள்ளும் மருந்தே உள்ள விந்தணுவையும் அழித்துவிடும். நிறுத்திய பின் பலருக்கு வளம் திரும்புகிறது; ஆனால் மாதங்கள் பல ஆகும். மருத்துவர் எழுதித் தராத எதையும் உட்கொள்ளாதீர்கள். நேர்த்திக்கடன் செலுத்துவது அவரவர் நம்பிக்கை. அதனை நாம் தடுக்கவில்லை. கோயிலுக்குச் செல்லும் கால்கள் மருத்துவமனைக்கும் செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சிங்கையில் ஒரு முன்னோடி முயற்சி

1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் துர்கா என்ற பெண்குழந்தை பிறந்தாள். அவருடைய சாதனை அவர் வாழ்ந்த காலத்தில் ஏற்கப்படவில்லை; 1981இல் அவர் மறைந்த பின்னரே பெருமை வந்து சேர்ந்தது. நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 1983ஆம் ஆண்டு மே மாதம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் அந்நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். தென்னிந்தியாவில் 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் இதனைச் செய்து காட்டினார்.

ஆயினும் இம்முறை பெரும்பாலும் பெண்ணின் கருக்குழாய் அடைபட்டவர்களுக்கே உதவியது. கண்ணாடித் தட்டில் சினைமுட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்களை விட்டால், அவற்றுள் ஒன்று தானே முயன்று முட்டையைத் துளைத்து உட்புகவேண்டும். விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கு இது கைகூடவில்லை.

அவர்களுக்கு வழிகாண முயன்றோரில் சிங்கை மருத்துவர்கள் முன்னணியில் நின்றனர். நுண்ணிய ஊசியால் விந்தணுக்களை முட்டையின் மேலுறைக்குள்ளேயே கொண்டுசேர்த்துக் கரு உண்டாக்கியதை, 1988இல் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் அவர்கள் அறிவித்தனர். டாக்டர் இங் சூன் சாய், பொங்சோ, ரத்னம், சதானந்தன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர்.

அடுத்த படியை எட்டியவர்கள் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள். ஒரே ஒரு விந்தணுவைப் பிடித்து, மேலுறையையும் கடந்து, முட்டையின் உள்ளேயே செலுத்தினர். இம்முறையில் கருவுற்ற செய்தியை 1992இல் டாக்டர் பாலெர்மோவும் அவர்தம் தோழர்களும் வெளியிட்டனர். இதற்கு ‘இக்சி’ என்று பெயர். கோடிக்கணக்கில் விந்தணு வேண்டும் என்றிருந்த நிலை மாறி, முட்டைக்கு ஒன்று போதும் என்னும் நிலை பிறந்தது.

இக்சி எவ்வாறு செய்யப்படுகிறது?

குறை ஆணுடையதாயினும் சிகிச்சையின் பெரும்பகுதியைத் தாங்குபவர் பெண்ணே. இதனைக் கணவன்மார்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாட்கள் மனைவிக்கு நாள்தோறும் ஊசி போடப்படும். முட்டைகள் முதிர்ந்ததும் மயக்க மருந்து கொடுத்து ஊசிவழியாக அவற்றை வெளியே எடுப்பர். அன்றைய தினமே கணவரின் விந்தணுவை ஆய்வுக்கூடத்தில் தேர்ந்து, தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய கண்ணாடி ஊசியால் முட்டைக்குள் செலுத்துவர். மூன்று முதல் ஐந்து நாட்கள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைப்பர். இரண்டு வாரங்களுக்குப் பின்னரே பலன் தெரியும்.

ஒவ்வொரு படியிலும் சிறிது இழப்பு உண்டு. நாற்றங்காலில் இட்ட விதையெல்லாம் கன்றாவதில்லை; கன்றெல்லாம் மரமாவதில்லை. பத்து முட்டை கிடைத்தால் எட்டு முதிர்ந்திருக்கலாம். அவற்றில் ஐந்தோ ஆறோ கருக்கொள்ளலாம். ஐந்தாம் நாள்வரை தாங்குபவை இரண்டு மூன்றாக இருக்கலாம். அவற்றில் ஒன்று கருப்பையில் ஊன்றிக் குழந்தையாக வளர்ந்தால் அதுவே வெற்றி. ஒரு முயற்சியில் கைகூடாதது இரண்டாம், மூன்றாம் முயற்சியில் கைகூடுவதுண்டு. எத்தனை முயன்றும் கைகூடாமற் போவதும் உண்டு.

பலன் யாருக்கு எவ்வளவு?

இக்கட்டுரையின் நடுநாயகமான கேள்வி இதுதான். விளம்பரங்கள் நம்பிக்கையை மட்டுமே விற்கும். நாம் உள்ளதை உள்ளவாறு உரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவதாக, விந்துநீரில் விந்தணு மிகக் குறைவாயினும் சில உயிருடன் இருப்பவர்கள். இவர்களுக்கு இக்சி மூலம் கிடைக்கும் பலன், வேறு காரணங்களுக்காகச் சோதனைக் குழாய் முறையை நாடுவோர் பெறும் பலனுக்கு ஏறத்தாழ இணையானதே. இங்கு வெற்றியை முடிவு செய்வது பெரும்பாலும் மனைவியின் வயது.

இரண்டாவதாக, குழாய் அடைபட்டவர்கள். விரையிலிருந்தோ அதனை ஒட்டிய குழாயிலிருந்தோ சிறு ஊசியால் விந்தணு எடுக்கப்படுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிடைத்துவிடுகிறது. இவர்களும் நல்ல நம்பிக்கை கொள்ளலாம்.

மூன்றாவதாக, உற்பத்தியே வற்றிப்போனவர்கள். இவர்களே மிகக் கடுமையான நிலையினர். பால் வற்றிய மரத்திலும் எங்கோ ஒரு மூலையில் ஈரம் எஞ்சியிருப்பதுபோல, இவர்களில் சிலருடைய விரையில் ஆங்காங்கே சிறு திட்டுகளில் விந்தணு உருவாகிக்கொண்டிருக்கும். 1990களின் இறுதியில் நியூயார்க் நகர அறுவை மருத்துவர் பீட்டர் ஷ்லெகல், உருப்பெருக்கியின் துணையுடன் விரையைத் திறந்து அத்திட்டுகளைத் தேடியெடுக்கும் முறையை வகுத்தார். இம்முறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. கிளைன்ஃபெல்ட்டர் நிலையினரிலும் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் கிடைக்கிறது. ‘ஒய்’ நிறமூர்த்தத்தின் சில குறிப்பிட்ட பகுதிகள் முற்றாக இல்லாதவர்களுக்கோ கிடைக்கும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் அறுவைக்கு முன் இரத்தச் சோதனை செய்யவேண்டும் என்கிறார்கள். பயனற்ற அறுவையையும் வீண் செலவையும் அச்சோதனை தவிர்த்துவிடும்.

விந்தணு கிடைத்தாலே குழந்தை கிடைத்ததாகப் பொருளன்று. இக்சி பிறந்த பிரஸ்ஸல்ஸ் நகரிலேயே, இத்தகைய எழுநூறுக்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். முதல் தேடலில் விந்தணு கிடைத்தவர் நூற்றுக்கு நாற்பது பேர். அதனைக் கொண்டு இக்சி செய்துகொண்ட தம்பதிகளில், பல முயற்சிகளையும் சேர்த்து, நூற்றுக்கு 37 தம்பதியர் குழந்தை பெற்றனர். ஆனால் தொடக்கத்தில் அறுவைக்கு வந்த ஆண்கள் அனைவரையும் கணக்கிட்டால், தம் சொந்தக் குழந்தையைக் கண்டவர் ஏழில் ஒருவரே.

ஏழில் ஒருவர் என்பது சிலருக்குப் பெரிய நம்பிக்கை. சிலருக்குப் பெரிய ஏமாற்றம். இக்சி முறை வருமுன்னர் இவர்களுக்கு எவ்வாய்ப்பும் இருந்ததில்லை என்பதை நினைத்தால் இது வளர்ச்சியே. ஆனால் நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, உறவினர் கேலிக்கு ஆளாகி முயலப்போகிறவர்கள் இக்கணக்கை முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். மருத்துவரிடம் “எங்களுக்கு எத்தனை விழுக்காடு?” என்று கேட்பது உங்கள் உரிமை.

மனைவியின் வயதும் காலத்தின் அருமையும்

பிரிட்டனில் இத்துறையைக் கண்காணிக்கும் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தம் சொந்த முட்டையால் உருவான கரு ஒன்றைக் கருப்பையில் வைத்தபோது நூற்றுக்கு 35 தடவை குழந்தை பிறந்தது. 43, 44 வயதினருக்கு அது நூற்றுக்கு ஐந்து தடவைதான். ஆண் தம் கூச்சத்தால் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பெண்ணின் வாய்ப்பிலிருந்தே கழிகிறது. அந்தத் தோட்டத்து அம்மையாரின் ஏழாண்டுகளை எண்ணிப் பார்த்தால் இதன் கொடுமை விளங்கும். ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில், மனைவிக்கு 35 வயதாகியிருந்தால் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்து மருத்துவரைக் காணவேண்டும்.

பிறக்கும் குழந்தைகள் நலமா?

இம்முறையில் பிறந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமுடன் வளர்கின்றனர். பிறவிக் குறைகள் இயற்கையாகக் கருவுற்ற குழந்தைகளைக் காட்டிலும் சற்றுக் கூடுதல் என ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் எவ்வளவு சிகிச்சையால் வந்தது, எவ்வளவு பெற்றோரிடமிருந்த குறையால் வந்தது என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. தந்தையின் ‘ஒய்’ நிறமூர்த்தத்தில் குறையிருந்தால் அது மகனுக்கும் செல்லும். தந்தையரின் விந்தணுக் குறைவுக்காக இக்சி செய்யப்பட்டுப் பிறந்த 54 இளைஞர்களைப் பிரஸ்ஸல்ஸில் சோதித்து 2016இல் முடிவு வெளியிட்டனர். அவர்தம் விந்தணு அடர்த்தி மற்ற இளைஞர்களுடையதில் பாதியளவே இருந்தது. இது முயற்சியைக் கைவிடுவதற்கான காரணமன்று. மகன் வளர்ந்தபின் அவனுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தார் எங்கே செல்வது?

முதற்படி பட்டணத்துத் தனியார் மருத்துவமனையன்று. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கே. குடிமக்கள் அங்கு ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு, தேவையானால் சிலிம் ரிவர் மருத்துவமனைக்கோ ஈப்போவின் ராஜா பெர்மாய்சூரி பைனூன் மருத்துவமனைக்கோ கடிதம் பெறலாம். கோலாலம்பூரில் எல்.பி.பி.கே.என். என்று வழங்கும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் குழந்தைப்பேறற்றோருக்கான சிகிச்சையை நடத்தி வருகிறது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகத் தொடங்கப்பெற்ற வாரியமே அது என்பதை மூத்தவர்கள் நினைவுகூர்வர். 1984இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அரசாங்க மருத்துவமனைகளுள் கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனையிலும் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையிலும் சோதனைக் குழாய்ச் சிகிச்சை உண்டு. தஞ்சோங் மாலிமிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் இரயில் நேராகச் செல்வதால் போய்வருதல் கடினமன்று. அரசாங்கச் சேவையில் காத்திருக்க நேரும் என்பதால் விரைந்து பதிவு செய்வது நலம்.

தனியார் நிலையங்களில் ஒரு முயற்சிக்குப் பதினைந்தாயிரம் வெள்ளிக்கு மேலும் ஆகும். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதனைப் பெறுபவருக்கு இது ஏறத்தாழ ஒன்பது மாத உழைப்பு. 2020 முதல் ஊழியர் சேமநிதி உறுப்பினர்கள், தமக்கோ தம் துணைவருக்கோ செய்யப்படும் இச்சிகிச்சைக்குத் தம் சேமிப்பின் ஒரு பகுதியை எடுக்க அனுமதிக்கப்படுகின்றனர். 2024இல் கணக்குகள் மாற்றியமைக்கப்பட்ட பின், ‘அக்காவுன் செஜாத்ரா’ என்னும் கணக்கிலிருந்து அது எடுக்கப்படுகிறது. முதுமைக்காகச் சேர்த்த பணம் அது என்பதையும் மறவாதீர்கள். எத்தனை முயற்சிவரை செய்வது, எங்கே நிறுத்துவது என்பதைக் கணவன் மனைவி இருவரும் முதல் ஊசிக்கு முன்னரே பேசி முடிவு செய்தல் அறிவுடைமை.

வருமுன் காப்போம்

சில குறைகளை வரவிடாமல் தடுக்கலாம். ஆண் குழந்தையின் விரைகள் ஆறு மாதமாகியும் பைக்குள் இறங்கவில்லையெனில் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பொன்னுக்கு வீங்கியைத் தடுக்கும் ஊசி, ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் இலவசமாகப் போடப்படும் தடுப்பூசியில் அடங்கியுள்ளது, தவறவிடாதீர்கள். புகையை விடுங்கள், மதுவைக் குறைப்பது போதாது, விடுவதே மேல். புற்றுநோய்ச் சிகிச்சை பெறப்போகும் இளைஞர்கள், அதற்கு முன்னரே விந்தணுவைக் குளிர்பதனத்தில் சேமித்து வைக்கமுடியுமா என்று கேளுங்கள்.

மருந்து தெளிக்கும் வேலையிலுள்ளோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்னும் மருந்தைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களுள் பலருக்கு நெடுநாளாகக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தாங்களே பேசிக் கண்டுபிடித்தனர். சோதித்தபோது பலரிடம் விந்தணு குறைந்தோ இல்லாமலோ இருந்தது. வாழைத் தோட்டங்களில் அம்மருந்தைக் கையாண்ட தொழிலாளர்களும் பிற நாடுகளில் பாதிக்கப்பட்டனர். எல்லா மருந்தும் அத்தகையதன்று. ஆயினும் கையுறை, முகமூடி, காலணி அணிந்தே தெளியுங்கள்; வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுங்கள்; முகவரியற்ற புட்டியிலுள்ள மருந்தைத் தொடாதீர்கள்.

வேறு வழிகளும் உண்டு

எல்லா முயற்சியும் பலனளிக்காத நிலையில் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. பிறர் தரும் விந்தணுவைக் கொண்டு கருவுறும் முறை இஸ்லாமியச் சமயத்தில் அனுமதிக்கப்படவில்லை. மற்றவர்கள் தம் மனச்சான்றையும் மருத்துவரையும் கலந்து முடிவு செய்யலாம். தத்தெடுத்தல் மற்றொரு வழி. முஸ்லிம் அல்லாதார் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுத்தல் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணை பெறலாம். ஆணைக்கு முன் குழந்தை குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து உங்கள் பராமரிப்பில் இருந்திருக்கவேண்டும். சமூகநல இலாகாவிடம் விவரம் கேளுங்கள். வாய்ப்பேச்சில் குழந்தையை வாங்கிவந்து, பத்திரமின்றி வளர்த்து, பின்னர் பள்ளிக்கும் அடையாளக் கார்டுக்கும் அல்லற்படும் குடும்பங்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். முறைப்படி செய்யுங்கள்.

நிறைவாக

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அம்மையாரின் கணவர் சில மாதங்களுக்குப் பின் சோதனைக்குச் சென்றார். விந்துநீரில் விந்தணு ஒன்றும் இல்லை. கோலாலம்பூரில் அறுவை செய்து தேடிப் பார்த்தனர், கிடைக்கவில்லை. அவர் ஏழில் ஒருவராக அமையவில்லை.

ஆயினும் அவர் ஒன்று செய்தார். அடுத்த திருவிழாவுக்கு உறவினர் கூடியிருந்தபோது தம் தாயாரிடம், “அம்மா, குறை எனக்குத்தான். இனி அவளை ஒரு வார்த்தை சொல்லாதீங்க” என்றார். ஏழாண்டுகளாக அவ்வீட்டில் ஒருவர் மட்டும் சுமந்த பாரம் அன்றிலிருந்து இருவருடையதாயிற்று. இப்போது அவர்கள் தத்தெடுக்க மனுச் செய்திருப்பதாக அறிகிறோம்.

தோட்டத்து ஆடவர்களே! மருத்துவம் எல்லோருக்கும் குழந்தையைத் தந்துவிடாது. ஆனால் குறை யாருடையது என்ற உண்மையை எல்லோருக்கும் தரும். அதற்கு வேண்டியவை ஒரு நாள் விடுப்பும் ஒரு வெள்ளிக் கட்டணமும் சிறிது துணிவும். மனைவி நான்காம் முறை மருத்துவமனைக்குப் புறப்படுமுன், நீங்கள் முதல் முறையாகப் புறப்படுங்கள்.